கட்டையைத் தொடக் கூடாதவர்

நாற்பத்தைந்து சென்டிமீட்டர்! முப்பத்தாறு வருடம் சோப்புக் கம்பெனி பாய்லருக்குத் தீ போட்டவனை உட்கார வைத்து, உன் தீ நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால் எப்படி இருக்கும்? யானைப் பாகனைக் கூப்பிட்டு, இந்தாப்பா பூனைக்குட்டி, கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள், ஓடிவிடப் போகிறது என்று சொன்ன மாதிரி இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது. இதை எழுதும்போதுகூட என் காது வழியாகப் புகை வருகிறது. நம்பிக்கை இல்லாவிட்டால் என் மனைவியைக் கேளுங்கள். "அது தினமும் வர்றதுதான்" என்பாள்.

என் தீ எப்படிப்பட்டது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் பாய்லரின் தீக்கதவைத் திறந்தால் எதிர்ச்சாரியில் இருக்கும் கேட் வாட்ச்மேன் ஸ்வெட்டரைக் கழற்றுவார். என் இடது புருவம் இருபத்தைந்தாவது வயதில் போனது. ஓய்வு பெற்ற பிறகுதான் திரும்பி வந்தது, அதுவும் சந்தேகத்தோடு பாதி மட்டும். என் ஷிப்டில் அழுத்தம் காட்டும் ஊசி ஒரே ஒரு தடவைதான் கீழே இறங்கியிருக்கிறது. அந்த ஒரு தடவையைப் பிறகு சொல்கிறேன். சொல்லவே கூசுகிறது.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. ஆறு மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் நானும் மனைவியும் இருக்கிறோம். வீட்டில் எனக்கு ஒரே ஒரு தீதான், கேஸ் அடுப்பு. அதிலும் நான் பால் காய்ச்சினால் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிடுகிறதாம். "உங்களுக்குச் சின்னத் தீன்னா என்னன்னே தெரியாதா? திருகுல நடுவுல ஒரு இடம் இருக்குங்க!" என்று மனைவி தினமும் கேட்பாள். நடுவில் இடம் இருக்கிறதாம். நடுவில் நிற்பவன் பாய்லர்காரனா, போக்குவரத்துப் போலீஸா?

சரி, கதைக்கு வருகிறேன்.

என் தம்பி மகள் நான்காவது மாடியில் இருக்கிறாள். பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலை. வாரம் முழுக்க வாயைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களையே பார்த்துப் பார்த்து, சனிக்கிழமை சாயங்காலமாவது சிரிக்கிற வாய்களைப் பார்க்கலாம் என்று, கட்டடத்துப் பிள்ளைகள் பதினாலு பேரைப் பின்பக்கத்து வெற்று மனையில் கூட்டி வைத்துக்கொள்வாள். கயிற்று ஏணி கட்டுவார்கள். குழி வெட்டுவார்கள். வெட்டிய குழியை மூடுவார்கள். எறும்பு எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு மணி நேரம் குப்புறப் படுத்துப் பார்ப்பார்கள். டிவி இல்லை, போன் இல்லை, அடிதடி அளவோடு. அந்த மனை கட்டடச் சங்கத்துக்குச் சொந்தம்.

சங்கத்துக்குச் செகரட்டரி ஒருவர் உண்டு. நாங்கள் அவரை 'டேப்பு' என்போம். இடுப்பு பெல்ட்டில் ஸ்டீல் அளவு டேப்பை மாட்டிக்கொண்டுதான் தூங்கவே போவார் என்பது என் கணிப்பு. அவருக்குக் கார் இரண்டு, நிறுத்துமிடம் ஒன்று. இரண்டாவது கார் தெருவில் மரத்தடியில் நிற்கிறது. காக்கைகள் அதற்கு வெள்ளை அடித்து வருடக்கணக்காகிறது. ஆகவே அவருக்குப் பின்பக்கத்து மனையைப் பார்க்கும்போதெல்லாம் மண் தெரியாது, பிள்ளை தெரியாது, கார் நிறுத்தும் வெள்ளைக் கோடுதான் தெரியும். கோடு போடுவதற்கு இரண்டு டப்பா பெயின்ட் வாங்கி மாடிப்படிக்கு அடியில் வைத்தே விட்டார். பெண் பார்க்குமுன் பந்தல் போட்ட கதை!

இந்த நேரத்தில்தான் பிள்ளைகளுக்குத் தீ மூட்டிச் சமைக்கும் ஆசை வந்தது. மாவைப் பிசைந்து, குச்சியில் சுற்றி, தீயில் வாட்டித் தின்ன வேண்டும். அவ்வளவுதான் ஆசை. என் தம்பி மகள் செய்த தவறு, ஒழுங்காகப் போய் அனுமதி கேட்டது. கேட்டால்தானே மறுப்பார்கள்? எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லாத இந்த ஒழுங்கு இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

நானும் கூடப் போனேன். சங்க அறை என்பது தண்ணீர் மோட்டார் சுவிட்சும், சாவிகள் தொங்கும் பலகையும், ஒரு கால் ஆடும் மேஜையும். டேப்பு பதினோரு நிபந்தனைகளைத் தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்தார்.

"இதுல ஒண்ணு மீறினாலும் ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டத்துல அந்த மனையப் பத்திப் பேச்சே கிடையாது. திங்கக்கிழமை கோடு போட ஆள் வருவாங்க. சம்மதமாம்மா?"

அவள் காகிதத்தைப் படித்தாள். நான் அவள் தோளுக்கு மேலே எட்டிப் படித்தேன். இரண்டு வாளித் தண்ணீர், சரி. ஒரு மூட்டை மணல், சரி. ஏழாவது, அந்த நாற்பத்தைந்து சென்டிமீட்டர். பதினொன்றாவதைப் படித்துச் சத்தமாகச் சிரித்தேன். 'குழந்தைகளுக்குத் தரப்படும் உணவு வெந்ததாகவும் கருகாததாகவும் இருத்தல் வேண்டும்.' இதை ஒரு சங்கம் சொல்ல வேண்டுமா? வேகாததை யார் தருவார்கள்?

"ரெண்டாவது நிபந்தனை பாருங்க. தீயைக் கையாளப் பயிற்சி உள்ள பெரியவர் ஒருத்தர் கூடவே இருக்கணும். யார் இருக்கா?" என்றார் டேப்பு.

"எங்க பெரியப்பா இருக்காரு."

டேப்பு என்னைத் தலையிலிருந்து கால்வரை அளந்தார். டேப் இல்லாமலேயே. "சார், உங்களுக்குத் தீயைப் பத்தி என்ன சார் தெரியும்?"

கேட்டீர்களா? மீனிடம் போய், உங்களுக்கு நீச்சல் பழக்கம் உண்டா என்று! நான் நேராக மாடி ஏறினேன். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த என் பாய்லர் சான்றிதழைச் சட்டத்தோடு கழற்றினேன். அதற்குப் பின்னால் குடியிருந்த பல்லி பாதிப் படிவரை என்னோடு வந்து, பிறகு மனம் மாறிப் போய்விட்டது. சட்டத்தை மேஜைமேல் டொம்மென்று வைத்தேன். ஆடும் கால் ஆடாமல் நின்றது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "இது ரெண்டாம் வகுப்புச் சான்றிதழ்தானே?"

"முதல் வகுப்புக்காரன் நாற்காலியில உக்காந்து ஊசியப் பாப்பான் சார். ரெண்டாம் வகுப்புக்காரன்தான் தீயில நிப்பான். உங்களுக்கு யார் வேணும்?"

கையெழுத்துப் போட்டேன். பேனா காகிதத்தைக் கிழித்துக்கொண்டு மேஜையில் இறங்கியது. திரும்பி வரும்போது படியில் தம்பி மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியப்பா, அந்த இடம் போச்சுன்னா பசங்களுக்கு வேற இடமே இல்ல. வீட்டுக்குள்ள உக்காந்து போனைத்தான் பாப்பாங்க. உங்களக் கெஞ்சிக் கேக்கறேன். சின்னத் தீ, சரியா?"

"அம்மாடி, நீ பல்லப் பாத்துக்கோ. தீய நான் பாத்துக்கறேன்."

இப்படிச் சொன்ன வாய்க்கு அவள் ஆஸ்பத்திரியில் ஏதாவது மருந்து இருந்தால் தேவலை.

சனிக்கிழமை நாலரை மணிக்கு எல்லாரும் மனையில் கூடினோம். பதினாலு பிள்ளைகளையும் எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட வராது. இரண்டு பேரை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். ஒருத்தி ஒன்பது வயதுக்காரி. முன்பல் இரண்டும் இல்லை, ஆனால் பேச்சில் ஓட்டையே கிடையாது. அவளை வக்கீல் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். இன்னொருத்தன் அஞ்சு வயது, எல்லாரிலும் சின்னவன், பெயர் பொடிசு. கொஞ்சமாகப் பேசுவான். பேசினால் யாராவது மாட்டிக்கொள்வார்கள்.

மூன்று அன்னக்கூடைகளில் மாவு. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய், தண்ணீர். தம்பி மகள் சொன்னாள்: "காது மடல் எப்படி மெத்துன்னு இருக்கு, அந்தப் பதத்துல இருக்கணும். தொட்டுப் பாருங்க." சொன்னதுதான் தாமதம், பதினாலு பேரும் மாவுக் கையோடு பக்கத்தில் இருப்பவர் காதைப் பிடித்துக்கொண்டார்கள். என் காதுக்கு மூன்று பேர் போட்டி. "தாத்தா காது ரொம்பத் தண்ணி கம்மியாப் பிசைஞ்சிருக்கு" என்று தீர்ப்புச் சொன்னாள் வக்கீல். எனக்கு அறுபத்திரண்டுதான். தாத்தாவாம்!

பிசைந்த மாவைக் கயிறு மாதிரி உருட்டி, பட்டை சீவிய பச்சைக் குச்சியின் நுனியில் பாம்பு சுற்றுவது போலச் சுற்றினார்கள். அதற்குள் நான் என் வேலையைத் தொடங்கியிருந்தேன். செங்கல் வளையம், மணல், காய்ந்த கட்டை. ஒரே தீக்குச்சி. சும்மா சொல்லக் கூடாது, இரண்டு வருடமாகக் கையில் தீ படாதவனுக்கு அது எழும்பிய அழகைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. புகைதான் என்று மற்றவர்களிடம் சொன்னேன்.

முதல் ஈட்டுக் குச்சிகள் நீண்டன. இரண்டு நிமிடத்தில் வெளியே எடுத்தார்கள். வெளியே கரி, உள்ளே பசை. கடித்தவர்கள் துப்பினார்கள். ஒருவனுடைய குச்சியே எரிந்து முறிந்து, மாவுப் பாம்பு தீக்குள் விழுந்து உயிர்விட்டது.

"கொஞ்ச நேரம் விட்டா தீ அடங்கிடும், செந்தணல் ஆனதும் வாட்டலாம்" என்றாள் தம்பி மகள்.

நியாயமான பேச்சுதான். ஆனால் பாய்லர்காரனின் கஷ்டம் அவளுக்குத் தெரியுமா? எங்கள் தொழிலில், சுவாலை இல்லாமல் சிவந்து கிடக்கும் தீ என்றால் காவலுக்கு நின்றவன் குறட்டை விடுகிற மாதிரி. தீ அடங்கினால் நீராவி குறையும், நீராவி குறைந்தால் ஊசி இறங்கும், ஊசி இறங்கினால் மேலே சோப்புக் காய்ச்சுகிறவன் இரும்புக் குழாயில் டங் டங் என்று தட்டி என் வம்சத்தையே விசாரிப்பான். முப்பத்தாறு வருடம் அந்த டங் டங்குக்குப் பயந்த கை இது. தீ சிவக்கத் தொடங்கியதும், நான் சொல்லாமலேயே, என்னைக் கேட்காமலேயே, கை பின்னால் போய் ஒரு கட்டையை எடுத்துப் போட்டுவிட்டது. யாரும் பார்க்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று. பிறகு ஒன்று போட்டால் தனியாக இருக்குமே என்று துணைக்கு ஒன்று.

இரண்டாவது ஈடும் கரி. அன்னக்கூடை இரண்டு காலி. கறுத்த பாம்புகள் செங்கல்மேல் வரிசையாகக் கிடந்தன. பிள்ளைகள் முகமும் ஏறக்குறைய அதே நிறத்தில் இருந்தது.

வக்கீல் எழுந்து நின்றாள். இடுப்பில் கை.

"தீ ஏன் அடங்கவே மாட்டேங்குது?"

"காத்து" என்றேன்.

"இலை ஆடலையே தாத்தா?"

"அது மேல் காத்து. இது கீழ்க் காத்து. உனக்குச் சொன்னாப் புரியாது, பாய்லர் விஷயம்."

"கட்டைக் குவியல்ல பதினெட்டு இருந்துச்சு. நாங்கதான் எண்ணி அடுக்கினோம். இப்ப ஒம்போதுதான் இருக்கு. நீங்க மூட்டும்போது நாலு வெச்சீங்க. மிச்சம் அஞ்சு கட்டைய மேல் காத்து தூக்கிட்டுப் போச்சா, கீழ்க் காத்தா?"

நான் வானத்தைப் பார்த்தேன். இந்த மாதிரி நேரத்தில் வானத்தில் எப்போதும் எதுவும் இருக்காது.

பொடிசு விரலை வாயிலிருந்து எடுத்தான். "தாத்தாதான் போட்டாரு. கட்டைக்கு முத்தம் குடுத்துட்டுப் போட்டாரு."

அபாண்டம்! முத்தம் எல்லாம் கொடுக்கவில்லை. பட்டையில் ஒட்டியிருந்த மண்ணை வாயால் ஊதினேன். ஆனால் நீதிமன்றம் அந்த வித்தியாசத்தை ஏற்கவில்லை. பதினாலு பேரும் வட்டமாக நின்று தீர்ப்புச் சொன்னார்கள்: தாத்தா கட்டையைத் தொடக் கூடாது. அதோ அந்த மரப்பெட்டியில் உட்கார வேண்டும். கை சும்மா இருந்தால் திரும்பவும் கட்டைக்குப் போகும், ஆகையால் கையில் ஒரு குச்சியைக் கொடுத்துவிட வேண்டும்.

என் கையெழுத்தில் நடக்கிற தீ! என் சான்றிதழ்! என்னையே என் தீயிலிருந்து தள்ளிவைக்கிறார்கள், அதுவும் பல் முளைக்காத வக்கீலை வைத்து! "நான் யாருன்னு தெரியுமா?" என்று நான் ஆரம்பிப்பதற்குள் தம்பி மகள் என் அருகில் வந்து குனிந்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். அவள் கோபப்படவில்லை. மூன்றாவது மாடி பால்கனியைக் கண்ணால் காட்டினாள்.

டேப்பு நின்றுகொண்டிருந்தார். கையில் காகிதம், இடுப்பில் டேப். எங்களைப் பார்த்தார், தீயைப் பார்த்தார், உள்ளே போனார்.

"இறங்கி வர்றாரு பெரியப்பா" என்றாள்.

நான் தீயைப் பார்த்தேன். கடைசியாகப் போட்ட இரண்டு கட்டையும் நன்றாகப் பிடித்துக்கொண்டு, என் வயிற்றுக்கு மேலே, நெஞ்சைத் தொடும் உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. நாற்பத்தைந்து சென்டிமீட்டராம்! அதில் மூன்று அடுக்கலாம். தண்ணீரை ஊற்றினால் புகையும் சேறும், கடைசி அன்னக்கூடை மாவைச் சுட ஒன்றும் மிஞ்சாது. ஊற்றாவிட்டால் திங்கட்கிழமை வெள்ளைக் கோடு. அந்த மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இரண்டு டப்பாவும் என் கண் முன்னால் மூடியைத் திறந்து சிரித்தன.

ஒரே வழிதான் இருந்தது. பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடி திடீரென்று காலியாகத் தெரிந்தால், யோசிக்கக் கூடாது. எரிகிற தீயை அப்படியே இழுத்து வெளியே போட வேண்டும். இல்லாவிட்டால் பாய்லர் வெடித்துக் கட்டடம் போகும். தீயை இழுப்பது என்பது பாய்லர்காரன் தன் கையால் தன் தலையில் மண் அள்ளிப் போட்டுக்கொள்வது. முப்பத்தாறு வருடத்தில் ஒரே ஒரு தடவை இழுத்திருக்கிறேன். ஊசி பூஜ்யத்துக்கு வந்தது. நூறு பேர் உயிர் தப்பியது என்று எல்லாரும் கையைக் குலுக்கினார்கள். நான் வெட்கத்தில் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மனைவி அரை நாள் என்பாள்.

மரப்பெட்டியிலிருந்து எழுந்தேன்.

"உக்காருங்க தாத்தா!" என்றாள் வக்கீல்.

"ஒரே ஒரு தடவை கட்டையத் தொட அனுமதி வேணும்மா."

"எதுக்கு?"

"வெளிய எடுக்க."

வக்கீல் என்னைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு ஒதுங்கி வழிவிட்டாள்.

மண்வெட்டியை எடுத்தேன். பிள்ளைகளைப் பத்தடி தள்ளி நிறுத்தினேன். எரிகிற கட்டை ஒவ்வொன்றாக இழுத்து மணலில் போட்டு மூடினேன். நான்கு கட்டை. ஒவ்வொன்றையும் மூடும்போது அதன் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன் என்றால் மிகை, ஆனால் பெரிய மிகை இல்லை. செங்கல் வளையத்துக்குள் செந்தணல் மட்டும் மிஞ்சியது. அதை மட்டமாகப் பரப்பினேன். மண்வெட்டியை வக்கீலிடம் கொடுத்துவிட்டு, நானே போய் மரப்பெட்டியில் உட்கார்ந்தேன். அவள் கடைசி அன்னக்கூடையிலிருந்து மாவை எடுத்து, உருட்டி, ஒரு குச்சியில் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

"திருப்பிட்டே இருங்க. ஒரு ஜாண் மேலயே பிடிங்க. அவசரப்படக் கூடாது."

எனக்கு! திருப்பினேன்.

ஐந்து நிமிடம் ஆயிற்று, டேப்பு வரவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று, வரவில்லை. மூன்று மாடி இறங்க இவ்வளவு நேரமா? என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது மாடி ஜன்னலிலிருந்து என் மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தீயின் உயரத்தையும் பார்த்திருக்கிறாள், டேப்பு படியில் இறங்கும் சத்தத்தையும் கேட்டிருக்கிறாள். கதவைத் திறந்து படியிலேயே மடக்கிவிட்டாள்.

"நல்ல வேளை சார், நீங்களே வந்தீங்க. சமையல்ரூம்ல மேல் மாடித் தண்ணி ஒழுகுது. அளந்து எழுதிக்குங்க, அப்பத்தான் சங்கத்துல நடவடிக்கை எடுப்பாங்க."

அளக்கச் சொன்னால் அந்த மனிதரால் மறுக்க முடியுமா? தரையில் இருந்த ஈரத்தை நீளவாட்டில் அளந்தார், அகலவாட்டில் அளந்தார். சுவரில் ஈரத்தைத் தேடினார். இல்லை. இருக்காதுதான். அன்று காலை நான் பொங்கவிட்ட பாலைத் துடைத்து, தரையைக் கழுவி, இன்னும் காயாமல் இருந்த ஈரம் அது. "ஆவியாப் போயிருக்கும் சார், இன்னொரு தடவை அளங்க" என்றாளாம். முப்பத்தெட்டு வருடம் இவளோடு குடித்தனம் நடத்தியும் இவ்வளவு பெரிய போக்கிரி என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

இருபது நிமிடம் கழித்து டேப்பு வந்து சேர்ந்தார். கருகிய குச்சிகளை வீசிவிட்டுப் புதுக் குச்சி சீவி முடித்த பிள்ளைகள் அப்போதுதான் தங்கள் மாவைக் குச்சியில் சுற்றித் தணலுக்கு மேல் நீட்டியிருந்தார்கள். டேப்பு சர்ரென்று டேப்பை இழுத்து, தணலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அளக்க ஒன்றும் இல்லை. குனிந்து தேடினார். ஒரு ஓரத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு நீல நிறத்தில் ஏதோ எட்டிப் பார்த்து, வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டது.

"மேல இருந்து பாக்கும்போது பெருசாத் தெரிஞ்சுதே?"

"மேல இருந்து பாத்தா எல்லாம் அப்படித்தான் அங்கிள் தெரியும்" என்றாள் வக்கீல்.

வாளி எண்ணினார். மணலைக் குத்திப் பார்த்தார். பத்து நிபந்தனைக்கும் பத்து டிக். பிறகு செங்கல்மேல் கிடந்த கறுத்த பாம்புகள் கண்ணில் பட்டன. ஒன்றை எடுத்தார். முறித்தார். கரிப்பொடி கொட்டியது. உள்ளேயிருந்து பச்சை மாவு இழுபட்டது. அவர் முகத்தில் அன்று முதல் தடவையாக மகிழ்ச்சி தெரிந்தது.

"பதினொண்ணாவது நிபந்தனை என்னம்மா சொல்லுது?" என்று தம்பி மகளைப் பார்த்துக் கேட்டார். "வெந்ததாகவும் கருகாததாகவும். இது ரெண்டுமே இல்லையே? இதைத்தான் குழந்தைங்களுக்குக் குடுக்கப் போறீங்களா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். சார், அதெல்லாம் நான் கெடுத்தது, இவங்க மேல தப்பில்ல என்று சொல்லிவிட்டேன். ஆமாம், நானேதான் சொன்னேன். யாரும் கேட்காமலே. வயசானால் இப்படி ஏதாவது வந்துவிடுகிறது.

"யார் கெடுத்தா என்ன சார்? வெந்த ஒண்ணக் காட்டுங்க" என்றார்.

வக்கீல் சுற்றிப் பார்த்தாள். பிள்ளைகளின் குச்சிகளில் எல்லாம் மாவு இன்னும் வெள்ளையாகவே இருந்தது. பிறகு என் குச்சியைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். சண்டைக்கு நடுவே கை பாட்டுக்குத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. மாவு பொன்னிறத்தில் உப்பி, சுற்றுக்குச் சுற்று மினுமினுவென்று இருந்தது. ஒரு கரும்புள்ளி இல்லை. என் வாழ்நாளில் தீயைக் கட்டிப்போட்டு நான் செய்த ஒரே காரியம்.

வக்கீல் என் கையிலிருந்து குச்சியை உருவினாள். நான் விடவில்லை. அவள் இழுத்தாள். நான் பிடித்தேன். "தாத்தா" என்றாள். விட்டேன்.

டேப்பு அதைக் குச்சியிலிருந்து கழற்றினார். அழகாகக் கழன்று வந்தது. முறித்தார். குச்சி இருந்த பொந்திலிருந்து நூல் மாதிரி ஆவி எழும்பியது. முப்பத்தாறு வருடம் டன் கணக்கில் ஆவி செய்து குழாயில் அனுப்பியிருக்கிறேன், எதையும் கண்ணால் பார்த்ததில்லை. இந்த ஒரு நூல் ஆவி என் மூக்கு வழியாகப் போய்ப் புருவத்தைத் தொட்டது. நான் பார்த்துக்கொண்டே இருக்க, அந்த மனிதர் ஒரு துண்டை வாயில் போட்டார். மெல்ல மென்றார். இன்னொரு துண்டு. இன்னொரு துண்டு. முழுவதையும்! எனக்கென்று ஒரு பருக்கை அளவு வைக்க வேண்டாமா? வைக்கவில்லை.

பதினொன்றாவது டிக் போட்டார். பேனாவை மூடாமல் நின்றார்.

"இன்னொண்ணு இருக்கா?"

"மாவு அங்க இருக்கு, குச்சி இங்க இருக்கு. நீங்களே சுட்டுக்கணும் அங்கிள். ஓசில ஒண்ணுதான்" என்றாள் வக்கீல்.

டேப்பு உட்கார்ந்தார். அவர் மாவைச் சுற்றிய லட்சணத்தைச் சொல்ல எனக்குத் தமிழில் சொல் இல்லை. கட்டுப் போட்ட கை மாதிரி இருந்தது. மூன்று நிமிடம் திருப்பினார். நாலாவது நிமிடம் பொறுமை போயிற்று. பின்னால் திரும்பிக் கட்டைக் குவியலைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு கட்டை போட்டா சீக்கிரம் வெந்துடும்ல?"

பதினாலு பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தியதில் மரத்தடியில் அவர் காரின்மேல் இருந்த காக்கை பறந்தது. அடுத்த நிமிடம் அவரும் ஒரு மரப்பெட்டியில், என் பக்கத்தில். அவர் திருப்பினார், நான் பார்த்தேன். எனக்கு மாவு மிஞ்சவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மனை இன்னும் ஒரு வருடத்துக்குப் பிள்ளைகளுக்குத்தான் என்று டேப்பே எழுந்து சொன்னார். டப்பாவில் இருக்கும் பெயின்ட்டைக் கயிற்று ஏணிக்குப் பூசிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். தம்பி மகள் அழுதாள், சிரித்தாள், எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். எல்லாம் சந்தோஷம்தான். நான் ஒன்றும் சந்தோஷப்படத் தெரியாதவன் இல்லை.

ஆனால் திங்கட்கிழமை லிப்டில் புது அனுமதிக் காகிதம் ஒட்டியிருந்தது. பதினோரு நிபந்தனை இருந்த இடத்தில் பன்னிரண்டு. பன்னிரண்டாவது, சங்க முத்திரையோடு: 'இரண்டாவது மாடி பாய்லர்காரர் உடனிருக்க வேண்டும். ஆனால் கட்டையைத் தொடக் கூடாது.' கீழே டேப்பு கையெழுத்து. அதற்குக் கீழே, கோணலாக, வக்கீல் கையெழுத்து!

இதை ஆறு மாடியும் ஏறும்போதும் இறங்கும்போதும் படிக்கிறது. பால்காரர் படித்துவிட்டு என்னைப் பார்த்துத் தொண்டையைக் கனைக்கிறார். மறுப்புக் கடிதம் மூன்று எழுதிக் கொடுத்துவிட்டேன், பதில் இல்லை. இதெல்லாம்கூடப் போகட்டும் என்று பொறுத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை சமையல்கட்டுக்குப் போனால், யாரோ அந்தக் காகிதத்தின் நகலெடுத்து, பன்னிரண்டாவது வரியை மட்டும் கத்தரித்து, கேஸ் அடுப்புக்கு நேர் மேலே சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். 'கட்டையை' என்பதை அடித்துவிட்டு 'அடுப்புத் திருகை' என்று பேனாவால் எழுதியிருக்கிறது. கையெழுத்தை நான் முப்பத்தெட்டு வருடமாக அறிவேன்.

பால் அடுப்பில் இருக்கிறது. நான் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நிற்கிறேன். இன்னும் பொங்கவில்லை.